செல்ஃப் சுற்றுது, வண்டி எடுக்கல

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் காலை ஏழு மணிக்கு ஒரு பழைய கார் எடுக்காமல் அடம்பிடித்தால், ஐந்து நிமிஷத்தில் நாலு வைத்தியர்கள் கூடிவிடுவார்கள். பால்காரர் பேட்டரி என்பார். நடைக்குப் போய்விட்டு வருகிறவர் பிளக் என்பார். மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருப்பவர் அங்கிருந்தே கார்பரேட்டர் என்று குரல் கொடுப்பார். நாலாவது ஆள் ஒன்றும் சொல்லாமல் வண்டிக்குப் பின்னால் போய்த் தள்ளத் தயாராக நிற்பார். அன்றைக்கு உபயோகப்படுகிறவர் அவர் ஒருவர்தான்.

என் வண்டி 1996 மாடல். மூன்று சிலிண்டர், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கக் கார்பரேட்டர். ஒரு வருஷத்துக்குள் அதற்கு இரண்டு பேட்டரி வாங்கினேன். இரண்டாவதும் ஒருநாள் ‘டிக்’ என்று சொல்லிவிட்டு அடங்கியபோதுதான் பட்டறை அண்ணாச்சியிடம் போனேன். “வண்டி எடுக்க மாட்டேங்குது அண்ணாச்சி” என்றேன். அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைக்கவில்லை.

“எடுக்கலைங்கது இருக்கட்டும்வே. எப்பம் எடுக்கல? அதச் சொல்லும்.”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காலையில் மட்டுமா? ஓடிச் சூடேறி நின்ற பிறகா? மழை பெய்த மறுநாளா? நாலு நாள் ஷெட்டில் கிடந்த பிறகா? செல்ஃப் அடித்தால் என்ன சத்தம்? இது எதையும் நான் கவனித்திருக்கவில்லை. பேட்டரி கடைக்கு மட்டும் வழி தெரிந்திருந்தது. இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது. பழைய வண்டியில் கோளாறு எந்த நேரத்தில் வருகிறது என்று சரியாகச் சொல்ல முடிந்தால், எந்த இடத்தில் இருக்கிறது என்பது பாதி தெரிந்த மாதிரி.

முதலில் எஞ்சினுக்கு என்ன வேண்டும் என்று பார்த்துவிடலாம். பெட்ரோல் எஞ்சின் உயிர்பெற நாலு காரியம் நடக்க வேண்டும். யாராவது அதைச் சுற்றிவிட வேண்டும். பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு சரியான அளவில் கலந்து உள்ளே போக வேண்டும். அந்தக் கலவை சிலிண்டருக்குள் நன்றாக அழுந்த வேண்டும். அழுந்திய நொடியில் பிளக்கில் தீப்பொறி விழ வேண்டும். இந்தத் தீப்பொறியைத்தான் பட்டறையில் ‘கரண்ட்’ என்பார்கள். பேட்டரியின் 12 வோல்ட்டை அதற்கு வேண்டிய ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றித் தருவது காயில். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் தன் வேகத்தாலும் சூட்டாலும் சின்னச் சின்னக் குறைகளைச் சமாளித்துக்கொள்ளும். எடுக்கும்போது அதற்கு இரண்டுமே கிடையாது. நிமிஷத்துக்கு 200 சுற்று போலத்தான் செல்ஃப் அதைச் சுற்றிவிடுகிறது. அதே நேரத்தில் பேட்டரியின் வோல்ட்டையும் செல்ஃப் இழுத்துக் குறைக்கிறது. அதனால்தான் சாலையில் ஒழுங்காக ஓடும் வண்டிகூட வீட்டு வாசலில் மானத்தை வாங்குகிறது.

இனி சத்தம். சாவியைத் திருப்புவதற்கு முன் ஹெட்லைட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். எதிரில் சுவர் இருந்தால் நல்லது. ‘டிக்டிக்டிக்’ என்று வேகமாகத் தட்டி, லைட்டும் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு ‘டிக்’, லைட் மங்கவே இல்லை என்றால் செல்ஃப்புக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சோலனாய்டு, செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ், கனமான வயர்கள் ஆகியவற்றின் மேல் சந்தேகம். சத்தமே இல்லை, லைட் மட்டும் பளிச்சென்று எரிகிறது என்றால் சாவி சுவிட்சிலிருந்து செல்ஃப்புக்குப் போகும் மெல்லிய வயர் வரைக்கும் கரண்ட் எங்கோ அறுந்திருக்கிறது. ‘கிர்ர்ர்’ என்று வெறுமனே சுற்றினால் செல்ஃப் மோட்டாரின் பல் எஞ்சினின் ஃப்ளைவீல் சக்கரத்தில் கடிக்கவில்லை. ‘ஊ… ஊ… ஊ…’ என்று இழுவையாக இழுத்தால் செல்ஃப்புக்கு வேண்டிய அளவு கரண்ட் போய்ச் சேரவில்லை. வழக்கமான வேகத்தில் கலகலவென்று சுற்றியும் வண்டி பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். கரண்ட், பெட்ரோல் பக்கம் போக வேண்டும்.

நான் இரண்டு பேட்டரிக்குப் பணம் கொடுத்தது அந்த இழுவைச் சத்தத்தால். பேட்டரி என்றால் எல்லோரும் பிளஸ் வயரைத்தான் பார்க்கிறார்கள். செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். போன கரண்ட் அத்தனையும் எஞ்சின் உடம்பு வழியாக, எர்த் வயர் வழியாக, பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அந்தத் திரும்பும் வழியில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே போதும், 100 ஆம்பியர் ஓடும்போது அது 1 வோல்ட்டைத் தின்றுவிடும். ஹெட்லைட்டுக்கு இதெல்லாம் தெரியாது. அது சில ஆம்பியர்தான் கேட்கிறது, பளிச்சென்று எரியும். நாமும் எர்த் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவோம்.

அண்ணாச்சி செய்தது இதுதான். ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்தார். ஒரு முனையைப் பேட்டரி மைனஸில், மறு முனையை எஞ்சினில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில் கடிக்கவிட்டார். “இப்பம் அடியும்.” செல்ஃப் சுற்றிய வேகத்தில் வண்டி உடனே பிடித்துக்கொண்டது. பிறகு மீட்டரையும் காட்டினார். ஒரு ஊசி பேட்டரியின் மைனஸ் கட்டையில், இன்னொன்று எஞ்சின் இரும்பில். செல்ஃப் அடிக்கும்போது கால் வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. என் வண்டி 2 வோல்ட்டைத் தாண்டியது. கழற்றிப் பார்த்தால், கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில் எர்த் பட்டையின் காது முழுக்கப் பச்சைப் பாசி பிடித்த மாதிரி களிம்பு. பின்னிய செம்புக் கம்பிகளில் பாதி கையோடு பொடிந்து வந்தது. இரண்டு பேட்டரியிலும் குற்றமே இல்லை.

உவரி, கூடங்குளம் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இந்தக் களிம்பு சீக்கிரம் வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டைப் பக்கம் தண்ணீரில் நின்ற வண்டிகளில் ஒன்றை நீங்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தாலும் முதலில் எர்த் இடங்களைக் கழற்றிப் பாருங்கள். மேலே துடைத்துப் பாலிஷ் போட்டுவிடுவார்கள்; கனெக்டருக்குள் போன தண்ணீர் மாதக்கணக்கில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடிக்கு வெந்நீரில் கரைத்த ஆப்பச்சோடா போதும். பேட்டரி மூடி வழியாக அது உள்ளே மட்டும் போய்விடக் கூடாது. கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸைக் கழற்றுகிற ஸ்பேனர் பாடியில் பட்டால் நேராக ஷார்ட்தான். சார்ஜ் ஆகிற பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால், பீடி பிடித்துக்கொண்டே எட்டிப் பார்க்கிற மாமாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

பேட்டரியையும் சும்மா விட வேண்டாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12-ஐ நெருங்கினால் கால்வாசிதான் மிச்சம். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. வண்டி ஓடும்போது 13.8-இலிருந்து 14.5-க்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கிறது. குளிரில் பேட்டரி படுத்துவிடும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். அது மாஞ்சோலை மேலே இருப்பவர்களுக்கு வேண்டுமானால் பொருந்தும். கீழே நம் ஊரில் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது வெயில். சூட்டில் தண்ணீர் வற்றும், தகடுகள் சீக்கிரம் அரிக்கும். மூடி திறக்கும் பேட்டரி என்றால் சித்திரை, வைகாசியில் மாதம் ஒருமுறை பார்த்து டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். கேன் தண்ணீர் சுத்தமாகத் தெரிந்தாலும் அதில் உப்பு உண்டு.

நாலு நாள் நின்றால் மட்டும் எடுக்கவில்லை, தினமும் ஓட்டினால் பிரச்சினையே இல்லை என்பது தனிக் கதை. யாரோ திருட்டுத்தனமாகக் கரண்ட் குடிக்கிறார்கள். சின்ன வண்டியின் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர் அளவில் இருக்கும், அதாவது ஒரு ஆம்பியர் வீதம் 35 மணி நேரம். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் அரை ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-ஹவர் போய்விடும். மூன்றாம் நாள் காலையில் ‘டிக்’. பெரும்பாலும் பிறகு மாட்டிய ஸ்டீரியோவோ, அணையாத டிக்கி பல்போதான் காரணம். ராத்திரி மைனஸைக் கழற்றி வைத்துவிட்டு நாலு நாள் கழித்து மாட்டிப் பாருங்கள். உடனே எடுத்தால் திருடன் வண்டிக்குள்தான் இருக்கிறான்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, வண்டி எடுக்கவில்லை. இப்போது ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். என்னைக் கேட்டால், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் வாங்க வேண்டிய முதல் ஆயுதம் பிளக் ஸ்பேனர்தான். பத்துப் பதினைந்து விநாடி செல்ஃப் அடித்தபின் கழற்றிய பிளக் ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால் பெட்ரோல் வந்துவிட்டது. கரண்ட் இல்லை, அல்லது பெட்ரோல் மிதமிஞ்சி வந்திருக்கிறது. பிளக் காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை. ஈரமா, காய்ந்ததா என்ற இந்த ஒரு பதில் தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

ஈரம் என்றால் கரண்ட்டைப் பார்க்க வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். பிளக்கைத் துடைத்து அதன் வயரில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பு எஞ்சினில் அழுத்தமாகப் படும்படி வையுங்கள். பிளக் கழற்றிய ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிடும், அதனால் ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். கையால் பிடிக்கவும் வேண்டாம். ஒருமுறை பிடித்தவர் மறுமுறை பிடிக்க மாட்டார். வேறொருவர் செல்ஃப் அடிக்கட்டும். ‘சட் சட்’ என்று நீலமாகப் பொறி விழுந்தால் நல்லது. மஞ்சளாக, இழுத்துப் பறிப்பது போல விழுந்தால் பலமில்லை. பழைய வண்டியில் முதல் சந்தேகம், பிளக்குகளுக்கு முறைவைத்துக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சின்ன சுவிட்சான பாயிண்ட். அதன் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். முகம் கருகிப் பள்ளம் விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது ரெண்டு வாரத்துக்குத்தான் வரும். அடிக்கடி கருகினால், பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டன்சரையும் சேர்த்து மாற்றுங்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டி என்றால், வயரை அந்தரத்தில் விட்டுச் செல்ஃப் அடிப்பது மாட்யூலைக் காலி செய்துவிடும். பிளக் எஞ்சினில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சாரல் காலத்துக்கென்று ஒரு நோய் உண்டு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக ஈரக்காற்று இறங்கும். குற்றாலத்தில் ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டு, குளித்து, பரோட்டா சாப்பிட்டுத் தூங்கி எழுந்து பார்த்தால் காலையில் எடுக்காது. வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி எடுக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொண்டு, பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் அந்த ஈரத்தின் மேல் ஊர்ந்து எர்த்துக்குப் போய்விடுகிறது. மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் உள்ளே துடைத்தால் அப்போதைக்கு எடுத்துவிடும். துடைக்கும்போதே உள்சுவரைப் பாருங்கள். எறும்பு வரிசை போல மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று இரண்டு முனைகளுக்கு நடுவே ஓடினால் அது கரண்ட் ஊர்ந்து கருகிய தடம், மூடியை மாற்றத்தான் வேண்டும். வயர்களைச் சோதிக்க இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். பழைய வயரின் மேல் நீலப் பொறி ஊர்ந்துபோவது கண்ணுக்கே தெரியும்.

பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வழி. கார்பரேட்டர் வண்டி நாலைந்து நாள் நின்றால் அதன் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின் சுற்றினால்தான் வேலை செய்யும் என்பதால், கிண்ணம் நிறையும் வரை செல்ஃப் அடித்துத்தான் ஆக வேண்டும். இது நோய் இல்லை, சுபாவம். ஆனால் தினமும் காலையில் அப்படி என்றால் பம்ப்பின் வால்வு கசிந்து, பெட்ரோல் ராத்திரியில் டேங்க்குக்கே இறங்கிப்போகிறது. சோக் இழுத்தால் கார்பரேட்டர் வாயில் இருக்கும் தகடு மூடுகிறதா என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள். பாதி வண்டிகளில் கேபிள் வெறுமனே கையோடு வரும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் வழக்கமாக எடையில் பெட்ரோலுக்குப் பதினைந்து மடங்கு போல இருக்கும் காற்றைக் குறைத்து, கலவையைக் கெட்டியாக்கிக் கொடுக்கத்தான் சோக்.

இப்போது வரும் பெட்ரோலில் எத்தனாலும் கலந்திருக்கிறது. 2022-இல் 10 சதவீதம், 2025-இல் 20 சதவீதம் என்று ஏறியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸ்களை இளக்கவும் வெடிக்கவும் வைக்கும். டேங்க்கில் கால்வாசி பெட்ரோலோடு ஆறு மாதம் நிறுத்திய வண்டி எடுக்கவில்லை என்றால் முதலில் அந்தப் பெட்ரோலை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் பிளக்கின் மேல் குற்றமில்லை. இன்னொன்று: எடுக்காத வண்டியின் கார்பரேட்டர் வாயில் பாட்டில் மூடியால் பெட்ரோல் ஊற்றி அடிக்கிற வித்தையை எல்லாப் பட்டறையிலும் பார்க்கலாம். எஞ்சின் பின்னுக்கு ஒரு தும்மல் போட்டால் தீ முகத்துக்குத்தான் வரும். வேண்டாம்.

கார்பரேட்டருக்குப் பதிலாக இஞ்செக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் பம்ப் டேங்க்குக்குள் இருக்கும். சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பினால் பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி ‘ம்ம்ம்’ என்ற முனகல் கேட்க வேண்டும். கேட்கவில்லையா, ஃப்யூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். கேட்கிறது, ஆனால் காலையில் வெகுநேரம் சுற்றினால்தான் எடுக்கிறதா? செல்ஃப் அடிக்காமல் சாவியை மூன்று முறை ஆன், ஆஃப் செய்துவிட்டு அடித்துப் பாருங்கள். உடனே எடுத்தால், ராத்திரியில் பைப்பில் பிரஷர் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் இஞ்செக்டர் கிளீனிங்குக்குப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். இன்னொரு சந்தேகப் பேர்வழி தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்சார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது ‘சூடு’ என்று பொய் சொன்னால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும். சூடாக இருக்கும்போது ‘குளிர்’ என்றால் பிளக் நனையும்வரை ஊற்றிவிடும்.

டீசல் வண்டிக்குப் பிளக் கரண்ட் கதையே கிடையாது. காலையில் மட்டும் வெள்ளைப் புகை விட்டுத் திணறினால் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக், எந்த நேரமும் எடுத்து எடுத்து அணைந்தால் டீசல் பைப்பில் காற்று. கம்ப்ரஷன், அதாவது கலவை அழுந்தும் அழுத்தம், குறைந்த வண்டிகளைப் பற்றி ஒரே வரி: பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டதும் கம்ப்ரஷன் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. அது எஞ்சின் பிரிக்கிற வேலை.

கடைசியாக, சூட்டில் எடுக்காத வண்டி. அதிகமாக ஏமாற்றுவது இதுதான். போன மே மாதம் தென்காசிக்குப் போகும் வழியில் ஆலங்குளத்தில் டீக்கு நிறுத்தினேன். முப்பது கிலோமீட்டர் ஓடிய எஞ்சின், உச்சி வெயில். இருபது நிமிஷம் கழித்து வந்தால் செல்ஃப் அழகாகச் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை. எஞ்சின் நின்றதும் காற்றும் இல்லை, தண்ணீர் ஓட்டமும் இல்லை. பானெட்டுக்குள் சூடு முதலில் ஏறத்தான் செய்யும். கார்பரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து எஞ்சினுக்குள் வழிந்துவிடும், இல்லையென்றால் பம்ப்பில் ஆவி அடைத்துக்கொள்ளும். வழிந்திருந்தால், ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். விட்டு விட்டு மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் பீய்ச்சும். ஆவி அடைத்திருந்தால், பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தால் சரியாகும்.

இரண்டையும் செய்தேன். எடுக்கவில்லை. துணியைச் சுற்றிப் பிடித்து ஒரு பிளக்கைக் கழற்றினேன். ஈரம். வழிந்ததுதான் என்று முடிவுகட்டி இன்னும் பத்து நிமிஷம் போக்கினேன். டீக்கடைக்காரர் பேட்டரியாக இருக்கும் என்றார். பிறகுதான் புத்தி வந்து, அதே பிளக்கைத் துடைத்து வயரில் மாட்டி எஞ்சின் மேல் வைத்து, கடைப் பையனைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பொறியே இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து, பானெட்டுக்குள் கை வைக்க முடிகிற அளவு சூடு தணிந்ததும் அதே பிளக்கில் நீலமாகப் பொறி விழுந்தது. மாட்டி அடித்தேன், எடுத்துவிட்டது.

டேஷ்போர்டில் கிடந்த நோட்டில் எழுதினேன்: ‘ஆலங்குளம். மதியம் 1.40. 30 கி.மீ. ஓடி 20 நிமிஷம் நின்றது. செல்ஃப் வேகம் சரி. பிளக் ஈரம். சூட்டில் பொறி இல்லை, ஆறியதும் உண்டு.’ மறுநாள் அண்ணாச்சி அதை வாங்கிப் படித்தார். பானெட்டைத் திறக்காமலே உள்ளே திரும்பி, “லேய், அந்தக் காயில் ஒண்ணு எடுத்துட்டு வா” என்றார்.